சாலைப் புகையும் சகோதர அன்பும்

உணவின்றிச் சில வாரங்களும், நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தரித்திருக்கக் கூடும். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்குமேல் அவனால் இருக்க இயலாது. இறைவன் மண்ணினின்று மனிதனை உருவாக்கி அவனுள் உயிர்மூச்சை ஊதினார் என்று திருமறையின் முதல் ஏடுகளே நமக்குக் கற்பிக்கின்றன. அம்மூச்சு அவன் சம்பாதித்ததன்று, விலை கொடுத்து வாங்கியதுமன்று, கொடையாகப் பெற்றது.

வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறார். சோற்றில் கல் கிடந்தால் பொறுக்கி எறிகிறோம். தண்ணீர் கலங்கலாயிருந்தால் காய்ச்சி வடிகட்டுகிறோம். காற்றை என் செய்வோம்? தெருவில் உள்ளது எதுவோ அதுவே மார்புக்குள் செல்கிறது.

வாகனங்கள் நெரியும் நகரத் தெருவின் காற்றைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். "இதற்கும் ஞான வாழ்வுக்கும் என்ன தொடர்பு?" என்று வாசக அன்பர் சிலர் வினவக் கூடும். தொடர்பு உண்டு. தெருப்புகை வானத்திலிருந்து இறங்குவதன்று. மனிதர் செயலால் உண்டாவது. மனிதர் செயலால் உண்டாவதற்கு மனிதரே பொறுப்பாளிகள். பொறுப்பு என்று வந்துவிட்டால், அது மனச்சான்றின் காரியம் ஆகிவிடுகிறது அன்றோ?

ஒரு சிறுமியும் ஒரு சாலையும்

இலண்டன் மாநகரின் தென்கிழக்கே லூவிஷம் என்னும் பகுதியில் எலா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்தாள். நீந்துவதிலும் ஆடுவதிலும் ஓடி விளையாடுவதிலும் விருப்பம் மிக்க குழந்தை. அவளது இல்லத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் தொலைவில் சவுத் சர்க்குலர் சாலை செல்கிறது. நகரின் தென்பகுதியை வளைத்துச் செல்லும் அச்சாலை வாகன நெரிசலுக்குப் பெயர் பெற்றது.

2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்குழந்தைக்கு மூச்சிரைப்பு நோய் கண்டது. அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 முறை அவள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரி 15 அன்று, தனது ஒன்பதாம் வயதில் இறந்தாள். கடுமையான ஆஸ்துமாவினால் மூச்சு நின்றது என்று 2014-இல் நடந்த முதல் மரண விசாரணை கூறி முடித்துக்கொண்டது. காற்றைப் பற்றிய பேச்சே அப்போது எழவில்லை.

ஆசிரியையாகிய அவள் அன்னை ரோசமண்ட் அம்மையார் அத்துடன் அமைதியடையவில்லை. "என் குழந்தை ஏன் இறந்தாள்?" என்ற கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. மூச்சு நோய்களில் வல்லவராகிய பேராசிரியர் ஸ்டீவன் ஹோல்கேட், சிறுமியின் நோய் முற்றிய நாட்களையும் அருகிலிருந்த கருவிகள் பதிந்த காற்று மாசின் அளவுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர் 2018-இல் அளித்த அறிக்கையின் பயனாக, முந்தைய முடிவை உயர் நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. மறு விசாரணை நடந்தது. 2020 டிசம்பர் 16 அன்று, மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ தம் முடிவை வெளியிட்டார். எலாவின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று அவர் பதிவு செய்தார். அந்நாட்டில் ஒருவரது மரணக் காரணமாகக் காற்று மாசு பதிவு செய்யப்பெற்றது அதுவே முதன்முறை.

அம்முடிவில் நம் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. வாகனப் புகையினால் தன் மகளுக்கு நேரும் கேட்டைப் பற்றி அத்தாய்க்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகளைக் காக்க அவர் வேண்டியதைச் செய்திருப்பார் என்று அவ்வதிகாரி குறிப்பிட்டார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய், ஒவ்வொரு முறையும் நலம் பெற்ற குழந்தையை அதே சாலையின் ஓரத்துக்கே திரும்ப அழைத்து வந்தார். அறியாமையால் அழைத்து வந்தார். அறிந்தவர்களோ வாய் திறக்கவில்லை. திருப்பலியின் தொடக்கத்தில், செய்த குற்றங்களோடு செய்யாது விட்ட கடமைகளையும் நாம் ஏன் சேர்த்து அறிக்கையிடுகிறோம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

தெருவில் நிகழ்வது என்ன?

புகை என்றவுடன் நாம் கருமையைத் தேடுகிறோம். கரும்புகை கக்கும் பழைய லாரியைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறோம். அது கடந்து சென்றவுடன் கையை எடுத்துவிடுகிறோம். உண்மையில் கண்ணுக்குத் தெரியாதவையே பெருந்தீங்கு விளைப்பவை.

அவற்றுள் முதன்மையானவை நுண்துகள்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் 50 முதல் 70 மைக்ரான் வரை இருக்கும். 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசி மூக்கையும் தொண்டையையும் கடந்து மார்புக்குள் செல்லும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை இறங்கும். மிகச் சிறியவை அங்கிருந்து குருதியிலும் கலக்கும். ஆதலால்தான் தெருப்புகை இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று, எடை குறைந்த குழந்தைப் பேறு ஆகியவற்றோடும் அது தொடர்புடையது என்று மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொண்டுள்ளது. இரண்டாவது, எரிபொருள் மிகுந்த வெப்பத்தில் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் வாயு. சிறப்பாக, டீசல் எஞ்சின்கள் இதனை மிகுதியாக வெளியிடுகின்றன. மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்து, ஆஸ்துமாவைத் தூண்டுவதில் இவ்வாயுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

தெருவின் அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. இருமருங்கிலும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெரு ஒரு பள்ளத்தாக்குப் போன்றது. கூரைகளுக்குமேல் குறுக்கே வீசும் காற்று, தெருவுக்குள் இறங்கிச் சுழன்று, புகையை வெளியே கொண்டு போகாமல் உள்ளேயே சுற்றிவரச் செய்யும். காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ, அத்திசைக் கட்டடங்களின் அடியிலேயே புகை மிகுதியாகச் சேரும். ஒரே தெருவில் ஒரு பக்கத்துக் கடைக்காரர் மிகுதியாக இருமுவதும், எதிர்ப்பக்கத்தார் சற்றே நலமாயிருப்பதும் இதனாலும் ஆகலாம்.

வாகனம் சீராக ஓடுவதைக் காட்டிலும், நின்று நின்று கிளம்பும்போது மாசு மிகுதி. எனவே, சந்திப்புகளும் சிக்னல்களும் பேருந்து நிறுத்தங்களும் பள்ளி வாயில்களுமே நகரில் மிகவும் மாசடைந்த இடங்களாகின்றன. இன்னுமொன்று: புகைக்குழாய் மட்டும் குற்றவாளியன்று. டயர் தேய்வதாலும், பிரேக் தேய்வதாலும், சாலையில் படிந்த மண் சக்கரங்களால் கிளப்பப்படுவதாலும் நுண்துகள்கள் பெருகுகின்றன. மின்சார வாகனம் புகை விடாது. ஆயினும் இத்தூசியிலிருந்து அதுவும் முற்றிலும் விடுபட்டதன்று.

இவற்றினிடையே ஆறுதலான உண்மை ஒன்றும் உண்டு. வாகனம் வெளியிடும் மாசு சாலையை விட்டு விலக விலக விரைந்து குறைகிறது. நூறு, இருநூறு மீட்டர் உள்ளே சென்றால் அதன் செறிவு பெரிதும் தணிந்துவிடும். பெருஞ்சாலைக்கு இணையாகச் செல்லும் சிறு தெரு வழியே நடப்பவர், அதே தொலைவை நடந்தாலும் குறைந்த நஞ்சையே உள்ளிழுக்கிறார். இவ்வுண்மையை மனத்தில் இருத்துக. பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இந்நஞ்சு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அளவுகளும் உண்டு. நுண்துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்போ 40 மைக்ரோகிராம். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு அந்நிறுவனம் விதித்த வரம்பு 10; நம் நாட்டில் குடியிருப்புப் பகுதிகளுக்கு உள்ளது 40. சட்டத்தின் எல்லைக்குள் இருப்பதும், உடலுக்குத் தீங்கற்றதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

யார் விடும் புகை? யார் இழுக்கும் மூச்சு?

காற்று எல்லார்க்கும் பொது என்கிறோம். ஆனால் எல்லாரும் ஒரே அளவில் அதன் தீமையை ஏற்பதில்லை. நகரத் தெருவில் நாள் முழுதும் நிற்பவர் யாவர்? சந்திப்பில் கை காட்டும் போக்குவரத்துக் காவலர். கோயில் வாயிலில் பூக்கட்டும் தாய். தள்ளுவண்டியில் பழம் விற்பவர். வேம்பின் கீழ் துணிக்கு இஸ்திரி போடுபவர். சாலையைக் கூட்டும் தூய்மைப் பணியாளர். நடைபாதையிலேயே சமைத்து, நடைபாதையிலேயே குழந்தையை உறங்க வைக்கும் ஏழைக் குடும்பம். இவர்களுள் எத்தனை பேரிடம் கார் உண்டு?

குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் தம் உடல் எடைக்கு ஏற்பப் பெரியவர்களைவிட மிகுதியாகக் காற்றை இழுக்கின்றனர். அவர்கள் உயரமோ, வண்டிகளின் புகைக்குழாய்க்கு அருகில் அமைகிறது. அவர்களது நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. அவ்வயதில் குன்றியது பின்னாளில் முழுவதும் நிரம்புவதில்லை.

கார்க் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பவர் தப்பினார் என்று எண்ணவும் வேண்டா. நெரிசலில் முன்வண்டியின் புகை பின்வண்டிக்குள் புகுகிறது. காருக்குள் இருப்போர் நடைபாதையில் செல்வோரைவிட மிகுதியான மாசை உள்ளிழுப்பதும் உண்டு என்று ஆய்வுகள் பல கண்டுள்ளன. பிறர்க்கு நாம் செய்யும் கேடு நம் மடிக்கே திரும்புகிறது.

நம் ஆண்டவர், "என் அயலான் யார்?" என்று கேட்ட சட்ட வல்லுநனுக்கு விடை கூறியபோது, கதையின் களமாக ஒரு சாலையைத் தேர்ந்துகொண்டார். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் சாலையது. அடிபட்டவன் சாலையோரத்தில் கிடந்தான். குருவும் லேவியனும் அவ்வழியே போயினர், விலகிச் சென்றனர். அவர்களுக்கும் அவசரப் பணிகள் இருந்திருக்கும். இன்றைய சாலையோரத்தில் குருதி சிந்தாமலே அடிபட்டுக் கிடப்போர் உளர். நாமோ அவர்களைக் கடந்து செல்வதோடு நில்லாமல், கடக்கும்போதே அவர்கள் முகத்தில் புகையையும் விட்டுச் செல்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடல், காற்றின் மாசினால் பெரிதும் வாடுவோர் ஏழைகளே என்பதைத் தன் முதல் அதிகாரத்திலேயே சுட்டிக்காட்டியதும் இக்காரணம் பற்றியே.

விதியன்று, வினையே

"நகரம் என்றால் புகை இருக்கத்தான் செய்யும்" என்று சலித்துக்கொள்வோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

அதே இலண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து நகரையே மூடின. அந்நாட்களில் இறந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அப்போது கணித்தனர். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை கூறுகின்றன. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகளில் புகையும் நிலக்கரி கட்டுப்படுத்தப்பட்டது. தலைமுறை தலைமுறையாக, "இது எங்கள் ஊர்ப் பனி" என்று மக்கள் ஏற்றுக்கொண்டிருந்த அந்தப் புகைமூட்டம் பழங்கதையாயிற்று.

பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் அந்நஞ்சு, நம் நாட்டில் 2000 பிப்ரவரி முதல் நீக்கப்பட்டது. 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு, உலகத்துச் சாலைகளிலிருந்தே ஈயப் பெட்ரோல் விடைபெற்றது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

டெல்லி நகரம் தரும் பாடமோ இருமுனைப்பட்டது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, அந்நகரின் பேருந்துகள் அனைத்தும் 2002-ஆம் ஆண்டின் இறுதிக்குள் டீசலை விட்டு அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. காற்று சில ஆண்டுகள் தெளிந்தது. பின்னர் சொந்த வாகனங்கள் பெருகிப் பெருகி, பெற்ற பயனைத் தின்றுவிட்டன. எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, வாகனங்களின் எண்ணிக்கையும் அடங்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

எலா வாழ்ந்த நகரம் பின்னர் என்ன செய்தது? 2019 ஏப்ரல் 8 முதல், நகரின் மையத்தில் "மிகக் குறைந்த புகை மண்டலம்" ஒன்று ஏற்படுத்தப்பட்டது. புகைத் தர விதிகளுக்கு உட்படாத கார் அம்மண்டலத்துக்குள் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம் செலுத்தவேண்டும். 2021 அக்டோபரில் அம்மண்டலம் சவுத் சர்க்குலர் சாலை வரை விரிந்தது. 2023 ஆகஸ்டு 29 முதல் மாநகர் முழுவதையும் தழுவியது. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. கண்காணிப்புக் கருவிகளை உடைத்தோரும் உண்டு. ஆயினும் முழு நகருக்கும் விரிந்து ஓராண்டு சென்றபின் மாநகர நிர்வாகம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, இத்திட்டம் இல்லாதிருந்தால் இருக்கக்கூடிய அளவைவிடச் சாலையோர நைட்ரஜன் டை ஆக்சைடு நகரெங்கும் 27 விழுக்காடு குறைந்ததென்றும், நகர மையத்தில் 54 விழுக்காடு குறைந்ததென்றும் கூறுகிறது.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடையே நடந்த ஓர் ஆய்வில், முன்பு காரில் பள்ளி சென்றோரில் பத்துக்கு நான்கு பேர் திட்டம் வந்தபின் நடந்தோ மிதிவண்டியிலோ பொதுப் போக்குவரத்திலோ செல்லத் தொடங்கியது கண்டறியப்பட்டது. காற்றைத் தேடிய நகரத்துக்குக் குழந்தைகளின் கால்களும் திரும்பக் கிடைத்தன!

சுமை யார் தலையில்?

இங்கே நீதியின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. புகை விடும் பழைய வண்டி பெரும்பாலும் யாருடையது? கடன் வாங்கி ஆட்டோ ஓட்டும் தகப்பனுடையது. சிறு வியாபாரியின் சுமைவண்டி. "நாளை முதல் இவ்வண்டி ஓடலாகாது" என்று ஒரு நாளில் ஆணையிட்டால், குளிரூட்டிய புதிய காரில் செல்பவருக்கு இழப்பில்லை. ஏழையின் அடுப்பே அணையும். புகையின் கேட்டையும் ஏழையே சுமந்து, அதை நீக்கும் செலவையும் ஏழையே சுமப்பது எவ்விதத்திலும் நீதியாகாது.

இலண்டன் நகரமும் இச்சிக்கலைச் சந்தித்தது. பழைய காரை அழிக்க முன்வந்தவருக்கு 2,000 பவுண்டு வரை உதவித்தொகை வழங்கியது. நம் நாட்டிலும் வண்டியை மாற்றச் சொல்பவர், மாற்றுவதற்கு வழியும் காட்டவேண்டும். அதனினும் முந்தியது பொதுப் பேருந்து. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் செல்லும் தெருவையும், அதே ஐம்பது பேர் நாற்பது வண்டிகளில் செல்லும் தெருவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல பேருந்தும் நல்ல நடைபாதையும் ஏழைக்குச் செலவின்றி, செல்வர்க்கும் பயன்தரும் அரிய சீர்திருத்தங்கள். சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடப்போர்க்கென அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டதும், 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் இத்திசையில் எடுத்துவைத்த அடிகளே. இன்னும் நெடுந்தொலைவு செல்லவேண்டும்.

"மரம் நட்டால் எல்லாம் சரியாகும்" என்று கூறுவோர்க்கும் ஒரு சொல். மரம் நிழல் தரும், வெப்பம் தணிக்கும், மனத்துக்கு இதம் தரும். எனினும், உயர்ந்த கட்டடங்களுக்கிடையே குறுகிய தெருவில் கிளைகள் அடர்ந்து கூடாரம்போல் கவிந்தால், கீழே உள்ள புகை மேலே போகாமல் தேங்கவும் கூடும். அத்தெருவில் வாகனத்தைக் குறைப்பதே முதல் மருந்து. சாலைக்கும் பள்ளி மைதானத்துக்கும் இடையே ஆளுயரத்துக்கு அடர்ந்த உயிர்வேலி வளர்ப்பது மிகுந்த பயன் தரும். எங்கே எதை நடுவது என்று அறிந்து நடவேண்டும்.

நம் பங்குகளில் செய்யத்தக்கவை

நம் ஆலயங்களும் பள்ளிகளும் பல ஊர்களில் பெருஞ்சாலைகளின் ஓரத்திலேயே அமைந்துள்ளன. ஆகவே, நம்மால் ஆவன சில உண்டு.

முதலாவது, எடுத்துச் சொல்லுதல். மூச்சிரைப்பு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரை ஆசிரியர்கள் அழைத்து, நெரிசல் மிக்க சாலையைத் தவிர்த்து உட்தெருக்கள் வழியே பிள்ளைகளை அழைத்துவரச் சொல்லவேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துவதைச் சில குடும்பங்கள் இன்றும் வெட்கமாகக் கருதுகின்றன. "பழகிவிட்டால் விடமுடியாது" என்று அஞ்சி, மருத்துவர் தந்ததை ஒளித்து வைக்கின்றன. பெண்பிள்ளையாயின் திருமணம் தடைப்படும் என்றும் மறைக்கின்றன. இது பெருந்தவறு. மருந்து நேரே மார்புக்குச் செல்லும் சிறந்த வழி அதுவே. மூக்குக்கண்ணாடி அணிவதில் வெட்கமில்லையெனில், இதிலும் வெட்கமில்லை. மருத்துவர் சொல்லாமல் அதனை நிறுத்தலாகாது.

இரண்டாவது, பள்ளி வாயில். காலையும் மாலையும் வாயிலில் வண்டிகள் எஞ்சினை நிறுத்தாமல் காத்து நிற்பதை நாம் காண்கிறோம். குழந்தைகள் கூட்டமாக நிற்கும் இடத்திலேயே குழந்தைகளின் மேல் அன்பு கொண்ட பெற்றோரே புகையைப் பரப்புகின்றனர்! இத்தாலி நாட்டின் போல்சானோ நகரில் 1980-களின் இறுதியிலேயே, பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளித் தெருவில் வாகனங்களை நிறுத்திவைக்கும் வழக்கம் தோன்றியது. இன்று இலண்டனில் இத்தகைய தெருக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நம் பள்ளிகளிலும் காவல்துறையின் இசைவோடு, அரைமணி நேரம் இதனைச் செய்து பார்க்கலாம். அதுவரையில், "வாயிலுக்கு நூறு மீட்டர் முன்பே இறங்குக, எஞ்சினை நிறுத்துக" என்னும் பலகையொன்று வைக்கப் பணமும் வேண்டா, அனுமதியும் வேண்டா.

மூன்றாவது, ஆலய வளாகம். ஞாயிறு திருப்பலிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வருவோர் நடந்து வரலாம். ஒரே பகுதியினர் ஒரே வண்டியில் வரலாம். அன்பியக் கூட்டங்களில் இதனை எளிதில் ஏற்பாடு செய்யலாம். கூட்டிய சருகையும் பிளாஸ்டிக்கையும் சுவரோரத்தில் கொளுத்துவதை அடியோடு நிறுத்தவேண்டும்; சருகு உரக்குழிக்குப் போகட்டும். திருவிழாவில் தேர்ப் பவனிக்குப்பின் ஊரெல்லாம் புகைமூட்டம் எழும்படி வெடி வெடிப்பது புனிதரைப் பெருமைப்படுத்துவதாகுமா? அப்பணத்தில் ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கினால் அப்புனிதர் மகிழ்வார்.

நான்காவது, சாலையோரத்தில் பிழைப்போர். ஆலய வாயிலில் பூவும் மெழுகுதிரியும் விற்போரைச் சாலை விளிம்பில் நிறுத்தாமல், சில மீட்டர் உள்ளே வளாகத்துக்குள் அமரச் செய்யலாம். சாலையிலிருந்து விலகும் ஒவ்வோர் அடியும் அவர்கள் மார்புக்கு நலம் என்பதை மேலே கண்டோம்.

ஐந்தாவது, நம் வண்டி. காலத்தில் பழுது பார்த்தலும், புகைச் சான்றிதழைப் பரிசோதனை செய்தே பெறுதலும், டயரில் காற்றைச் சரியாக வைத்தலும் சிறு காரியங்கள்போல் தோன்றலாம். பரிசோதிக்காமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது பொய்ச்சான்று அன்றி வேறென்ன?

ஆறாவது, கேட்டுப் பெறுதல். வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சியிடமும் பங்குப் பேரவை சார்பில் மனுக் கொடுக்கலாம். உடைந்த நடைபாதையைச் சீர்செய்யவும், கூடுதல் பேருந்து விடவும், கட்டுமான மணலை மூடிக் கொண்டுசெல்லவும், தூசியை வறண்ட துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரமாக்கியோ இயந்திரத்தால் உறிஞ்சியோ அகற்றவும் வற்புறுத்தலாம். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் திட்டம்.

நிறைவாக

எலாவின் அன்னைக்குத் தம் மகளைத் திரும்பப் பெற இயலவில்லை. ஆயினும், அவர் மௌனமாயிருக்க மறுத்ததனால், பெயரற்றுக் கிடந்த ஒரு கேட்டுக்கு அரசு ஏட்டில் பெயர் கிடைத்தது. பெயர் தெரிந்த நோய்க்கே மருந்து தேட இயலும். சாலையோரத்தில் வாழும் நம் தாய்மார்கள் எத்தனை பேர், பிள்ளையின் இரவு இருமலைப் "பனி" என்றும் "சூடு" என்றும் "திருஷ்டி" என்றும் எண்ணித் தேற்றிக்கொள்கின்றனர்! அவர்களுக்கு உண்மையை உரைப்பது ஆசிரியர், மருத்துவர், அருட்சகோதரி, பங்குத்தந்தை ஆகிய எல்லாருடைய கடமையுமாகும்.

நல்ல சமாரியன் அச்சாலையில் இருந்த கள்வர் அனைவரையும் ஒழித்துவிடவில்லை. தன் கண்முன் கிடந்தவனை நோக்கி விலங்கைவிட்டு இறங்கினான்; அவ்வளவே. நாமும் முதலில் இறங்கக் கற்போம். நாளைக் காலை பள்ளி வாயிலிலோ, சிக்னலிலோ, ஆலய முற்றத்திலோ வண்டி நிற்கும்போது, எஞ்சினின் சாவியைத் திருப்பி அணைப்போம். அருகில் நிற்கும் முகமறியா ஏழைக்கு அந்த ஒரு நிமிடம் நாம் அளிக்கும் தூய காற்று, விண்ணகத் தந்தையின் திருமுன் மறக்கப்படாத பிறரன்புச் செயலே.